விரல் முந்துகிறது, கவனம் பிந்துகிறது: உயரமான ஊரில் வாழும் மூளைக்கு என்ன ஆகிறது?

கேள்வி: டாக்டர், நான் 36 வயதுப் பெண். பணி மாறுதலாகி, கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊருக்கு வந்து 14 மாதம் ஆகிறது. கணக்குச் சரிபார்க்கும் வேலை. வந்த புதிதில் இருந்த தலைவலியும் மூச்சிரைப்பும் ஒரு வாரத்தில் போய்விட்டன. கவனம் மட்டும் பழையபடி திரும்பவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையோரம் ஏதாவது மின்னினால் போதும், கண் அங்கே ஓடிவிடுகிறது. திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரிவதில்லை. ‘இது வேண்டாம்’ என்று மனதுக்குப் படும் முன்பே விரல் ‘சரி’யை அழுத்திவிடுகிறது. இரவில் மூச்சு முட்டி விழிக்கிறேன், அதனால் தினமும் ஒரு தூக்க மாத்திரை போடுகிறேன். பகலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 88, 89 காட்டுகிறது. ஹீமோகுளோபின் 13.4, நார்மல் என்றார்கள். குளிருக்குப் படுக்கையறையில் கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறோம். காலையில் எழும்போது தலை கனக்கிறது. என் மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவுக் கோளாறு வந்திருக்குமா? வேலையை விட்டு இறங்கிவிடுவதுதான் வழியா?

பதில்: உங்கள் மூளை கெட்டுவிட்டது என்று சொல்ல இந்தக் கடிதத்தில் ஒரு அடையாளமும் இல்லை. இறங்கிப் போவதைப் பற்றி இப்போதே முடிவெடுக்கவும் வேண்டாம். அதற்கு முன் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களைச் சரிசெய்தாக வேண்டும்: கேஸ் ஹீட்டர், தூக்க மாத்திரை, அந்த 13.4. இவை மூன்றும் உயரத்தோடு கைகோத்துக்கொண்டு கவனத்தைக் குலைப்பவை. முதலாவது உயிருக்கே ஆபத்தானது, ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

இன்றிரவே ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். கூடுதல் கம்பளி போதாவிட்டால் மின்சார ஹீட்டரோ வெந்நீர்ப் பையோ பயன்படுத்துங்கள். காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் கேஸ், மண்ணெண்ணெய், கரி எதுவும் முழுமையாக எரிவதில்லை. கதவு ஜன்னலை அடைத்த அறையில் அந்த அரைகுறை எரிப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காலைத் தலைகனம், மந்தம், கவனச் சிதறல் எல்லாமே அதனாலும் வரும். உயரமான ஊர்களில் ‘இது மலைத் தலைவலி’ என்று எல்லோரும் அதை ஒதுக்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். சாதாரண விரல் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்தறியத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் காட்டும்.

ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய ‘கார்பாக்ஸிஹீமோகுளோபின்’ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. ஹீட்டர் எரிந்த இரவுக்கு மறுநாள், எழுந்த கையோடு ரத்தம் கொடுத்தால்தான் அது பயன்படும். வெளிக்காற்றில் 4, 5 மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும், ஆகவே மதியம் எடுத்த பரிசோதனை பொய் நிம்மதி தரும். இந்தப் பரிசோதனைக்காக மறுபடி ஹீட்டரைப் போட்டுப் படுக்காதீர்கள், போன வாரத்துத் தலைகனம் இந்த வாரம் மறைந்தாலே விடை கிடைத்த மாதிரிதான். இனி அறையில் எதையாவது எரித்தாக வேண்டுமென்றால், புகைக்குழாய் வெளியே போகும் வகையைத் தவிர வேறு வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் படுக்கும் அறையிலேயே மாட்டுங்கள்.

அடுத்து, உயரம் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். மேலே போனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பங்கு எங்கும் 20.9 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம், உங்கள் ஊரில் ஏறத்தாழ 490. மூச்சுக்குழாயில் சேரும் நீராவிக்கு 47 கழித்துக் கணக்கிட்டால், உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் கடல் மட்டத்தில் 149, உங்களுக்கு 93 அளவில். கிட்டத்தட்ட 62 சதவீதம். இந்த உயரத்தில் 86 முதல் 92 வரையிலான ஆக்சிமீட்டர் அளவு வழக்கமானது, ஆகவே உங்கள் 88 பயப்பட வேண்டிய எண் அல்ல. ஆனாலும் சரியாக அளக்கிறீர்களா என்று பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் அளவு தவறும். கையைச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத நடுவிரலில் மாட்டி, 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு, எண் ஒரு நிமிடம் நிலையாக நின்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. 1960களில் கலிபோர்னியாவின் ஒயிட் மவுன்டனில் 3,810 மீட்டரில் அளந்தபோது மூளைக்குப் போகும் ரத்தம் முதல் நாளில் 24 சதவீதம் கூடியிருந்தது, சில நாட்களில் கூடுதல் 13 சதவீதமாக இறங்கியது. மூச்சு வேகமெடுப்பது, சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றிக் கார அமிலச் சமநிலையைச் சரிக்கட்டுவது, சிவப்பணு பெருகுவது என்று உடல் ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்துகொள்கிறது. உங்கள் தலைவலி ஒரு வாரத்தில் போனது இதனால்தான். ஆனால் பழகிக்கொள்வது வேறு, கடல் மட்டத்துக்குத் திரும்புவது வேறு. உடம்பு பழகிய பின்னும் திசுவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் இறுக்கிப்பிடித்த கணக்காகவே இருக்கும்.

அந்த இறுக்கம் எங்கே முதலில் தெரியும்? மொழியறிவிலோ, பழைய நினைவிலோ, தொழில் அறிவிலோ அல்ல. வேகத்திலும் கட்டுப்பாட்டிலும்தான் தெரியும். கவனத்தை ஆராய்பவர்கள் அதை மூன்றாகப் பிரிப்பார்கள்: விழிப்போடு இருப்பது, வேண்டிய பக்கம் திரும்புவது, வேண்டாததை அடக்குவது. மூன்றாவதுதான் கவனக் கட்டுப்பாடு. அதை அளக்கும் ஒரு சோதனையைப் பாருங்கள். திரையில் ஐந்து அம்புகள் வரிசையாக வரும். நடு அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்தும் இடப்பக்கம் பார்த்தால் சுலபம். நான்கு இடப்பக்கமும் நடு அம்பு மட்டும் வலப்பக்கமும் பார்த்தால், ஓரத்து நான்கின் இழுப்பை மூளை அடக்கிவிட்டு நடுவை மட்டும் கேட்க வேண்டும். அதற்குக் கூடுதலாகும் நேரம்தான் அந்த அடக்குதலின் விலை. திரையோர மின்னலுக்குக் கண் ஓடுவதும், ‘வேண்டாம்’ வருவதற்குள் விரல் அழுத்திவிடுவதும் இதே இடத்தில் நடக்கும் தடுமாற்றம். வண்டியின் என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, பிரேக் ஒரு நொடி தாமதமாகப் பிடிக்கிறது.

திபெத் பீடபூமியில் குடியேறி 3 ஆண்டு வாழ்ந்த கல்லூரி மாணவர்களை, தாழ்ந்த இடத்தை விட்டு வராத மாணவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. ஒரு குறி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், இன்னொன்று வந்தால் கையை அடக்க வேண்டும். வேகத்திலோ பிழையிலோ இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தலைமேல் ஒட்டிய மின்வாய்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. கையை அடக்க வேண்டிய கணத்தில், முரணைக் கண்டறியும் மூளை அலை உயரவாசிகளுக்குப் பெரிதாகவும், அதன் பின் வரும் அலை சிறிதாகவும் இருந்தன. அதே விடையைக் கொண்டுவர மூளை வேறு கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது என்று இதைப் படிக்கிறேன். குழுக்கள் சிறியவை, ஆகவே இதற்கு மேல் இழுத்துப் பொருள் சொல்ல மாட்டேன். ஆனால் ‘வேலையைச் செய்துவிடுகிறேன், ஆனால் செய்து முடித்ததும் சக்கையாகிவிடுகிறேன்’ என்று உயரத்தில் வாழ்பவர்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது.

இங்கே ஒரு பழைய சர்ச்சையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயம் அங்கிருந்துதான் கிளைத்து வருகிறது. பிரிட்டிஷ் உடலியலாளர் ஜோசப் பார்கிராஃப்ட் 1921–22இல் பெருவின் செர்ரோ தெ பாஸ்கோவுக்கு, 4,300 மீட்டருக்கு மேலே, ஆய்வுக்குப் போனார். உயரத்தில் வாழ்பவர் எல்லோருக்கும் உடல் வலுவும் மன வலுவும் குறைவு என்று பிறகு எழுதினார். பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே இதைக் கடுமையாக மறுத்தார். சில வாரம் தங்கிய பார்கிராஃப்ட், தன் மலைநோயையே ஊர்மக்களின் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்றார். மோங்கே சொன்னதில்தான் நியாயம் அதிகம். தலைமுறைகளாக அங்கேயே வாழும் மக்களின் உடல் வேறு வழிகளில் இசைந்துகொண்டிருக்கிறது, திபெத்தியர்களிடம் இதற்கான மரபணு வேறுபாட்டை 2010இல் கண்டறிந்தார்கள். தாழ்ந்த இடத்திலிருந்து போய்க் குடியேறியவரின் நிலை வேறு. குடியேறிகளின் மூளைப் படங்களில் சில பகுதிகளில் சிறு மாற்றங்கள் தெரிகின்றன என்பது உண்மை. மாற்றம் என்றால் சேதம் என்று பொருளில்லை.

இனி இரவு. என் கணிப்பில், நீங்கள் பகல் காற்றின் மேல் போடும் பழியில் பாதி இரவுக்குச் சேர வேண்டியது. விழித்திருக்கும்போது 88 இருப்பவருக்குத் தூக்கத்தில் 80க்கும் கீழே இறங்கக்கூடும். வேகமாக மூச்சு விட்டு ஆக்சிஜனைக் கூட்டும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறிவிடுகிறது. தூக்கத்தில் மூச்சைத் தூண்டுவதே அந்தக் கார்பன் டைஆக்சைடுதான். அது ஒரு வரம்புக்குக் கீழே போனதும் மூச்சு நின்றுவிடும். உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்: மூன்று நான்கு மூச்சு ஒன்றைவிட ஒன்று பெரிதாகும், பிறகு சிறுத்துக்கொண்டே வரும், 10 நொடி போல எதுவும் இருக்காது, பின் ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். ஒரு சுற்று அரை நிமிடம்கூட ஆகாது. அந்தப் பெருமூச்சில்தான் நீங்கள் விழிக்கிறீர்கள். விழித்தது நினைவில்லாத இரவிலும் தூக்கம் துண்டுதுண்டாகத்தான் இருக்கும். இப்படித் தூங்கியவருக்குக் கடல் மட்டத்திலும் கவனப் பிரேக் பிடிக்காது.

இதற்குத் தூக்க மாத்திரை போடுவது முதலுக்கே மோசம். பென்சோடயசபைன் வகை மாத்திரைகள் மூச்சுத் தூண்டுதலையே மழுக்கும், மறுநாள் காலை வரை மந்தமும் நீளும். மதுவும் அப்படித்தான். ஆனால் தினமும் போட்டுப் பழகியதை இன்றே திடீரென்று நிறுத்தாதீர்கள். அதிலும் ஆபத்து உண்டு. எந்த மாத்திரை, எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைத்து விடுங்கள்.

மாத்திரைக்குப் பதிலாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அசிட்டசோலமைடு, படுக்கும் முன் 125 மில்லிகிராம். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்ற அது உதவுகிறது, அதனால் ரத்தம் சற்று அமிலப் பக்கம் சாய்கிறது, மூச்சு அறுந்து நிற்பது குறைகிறது. விரல்நுனியில் குறுகுறுப்பு வரும், சிறுநீர் அதிகம் போகும், சோடா பானங்கள் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்துக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. இதை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் போட்டுப் பார்த்தால், உங்கள் கவனக் கோளாறில் இரவின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று தூக்கத்தில் ஆக்சிஜன். அறையின் ஆக்சிஜனை 1 சதவீதம் கூட்டினால் உடலைப் பொறுத்தவரை சுமார் 300 மீட்டர் கீழே இறங்கியது போல. 21ஐ 24 ஆக்கினால் நீங்கள் 2,700 மீட்டரில் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சிலியில் 5,000 மீட்டரில் உள்ள ஆல்மா தொலைநோக்கி நிலையத்தில் இப்படி அறைக்காற்றைச் செறிவூட்டுகிறார்கள், ஊழியர்கள் தூங்குவதோ 2,900 மீட்டர் முகாமில். வீட்டில் முழு அறையைச் செறிவூட்டுவது கடினம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரிலிருந்து மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவில் தொடங்குவதே பலருக்குப் போதும். வாங்கும் முன் கையேட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை வேலை செய்யும் என்று பாருங்கள். பல வீட்டுக் கருவிகளின் வரம்பு 3,000 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு மேலே இயந்திரம் ஓடும், ஆனால் வரும் ஆக்சிஜன் தரம் குறைந்திருக்கும். அது ஓடும் அறையில் தீச்சுடர், சிகரெட், எரியும் ஹீட்டர் எதுவும் கூடாது. கையடக்கக் கேன்களில் காசைப் போடாதீர்கள். 10 லிட்டர் கேன், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் ஐந்து நிமிடம்.

மூன்றாவது, உங்கள் 13.4. அதை நார்மல் என்றவர் கடல் மட்டத்துக்கான அட்டவணையைப் பார்த்திருக்கிறார். உயரத்தில் ஹீமோகுளோபின் தானாகவே கூடும், ஆகவே உங்கள் ஊரில் ஏறத்தாழ 2.5 கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தால் 10.9. பெண்களுக்கான 12 என்ற வரம்புக்குக் கீழே. அதாவது உங்களுக்கு ரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைவு கவனத்தை நேரடியாகவே பாதிக்கும். முன்மூளையின் பிரேக்குக்கு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் தேவை. டோபமைனைத் தயாரிக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜனும் வேண்டும், இரும்பும் வேண்டும். இரும்பும் குறைந்திருந்தால் உங்களுக்கு இரண்டிலும் தட்டுப்பாடு. உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். 15க்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி, 30க்குக் கீழே இருந்தாலும் பல மருத்துவர்கள் சிகிச்சை தருவார்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் உடல் நன்றாக ஏற்கும், வயிற்றுத் தொல்லையும் குறையும். காபி, டீ குடித்து இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: ஹீமோகுளோபின் பெண்களுக்கு 19, ஆண்களுக்கு 21 ஐத் தொட்டால் அது நாட்பட்ட மலைநோய். ரத்தம் கெட்டியாகி அதுவே மூளையை மந்தமாக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பரிசோதிக்காமல் இரும்பை விழுங்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை சரியாக வாரங்கள் ஆகும். அதுவரை வேலையை பிரேக்குக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். மன உறுதியால் அடக்கப் பார்ப்பது வீண், அடக்க வேண்டியதே வராமல் பார்த்துக்கொள்வது எளிது. சரிபார்க்கும் நேரத்தில் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்து, திரையில் ஒரே ஜன்னல் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் வரிக்குக் கீழே ஒரு அட்டையை வையுங்கள், எழ நேர்ந்தால் அட்டை இடத்தைக் காக்கும். ‘சரி’யை அழுத்தும் முன் விரலைப் பொத்தானிலிருந்து முழுக்க எடுத்து, தொகையை வாய்விட்டுச் சொல்லி, பிறகு அழுத்துங்கள். அந்த இரண்டு நொடியில் தாமதமாக வரும் பிரேக் வந்து சேர்ந்துவிடும். மின்னஞ்சலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி இருந்தால் அதை அதிகபட்ச நேரத்துக்கு வையுங்கள். அவசரம் காட்டும் மேலதிகாரியிடம், வேகமா துல்லியமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயரத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிப்பது கடினம், வேகத்தைக் குறைத்தால் துல்லியம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். மேசை விளக்கைக் கூட்டுங்கள், ஆக்சிஜன் குறைந்தால் மங்கலான ஒளியில் பார்வை முதலில் சோரும். காபி கெடுதல் இல்லை, ஆனால் மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வரும் தலைவலியை மலைத் தலைவலி என்று மயங்கவும் வேண்டாம்.

ஏ.டி.எச்.டி. பற்றிக் கேட்டீர்கள். அது 36 வயதில் புதிதாக வருவதில்லை, 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்க வேண்டும். பள்ளிக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். உயரமும் தனிமையும் மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடும். எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதை முதலில் பாருங்கள். தைராய்டு பரிசோதனையும் ஒருமுறை.

உயரம்தான் காரணமா என்று கண்டுபிடிக்க உங்கள் விடுமுறையே நல்ல கருவி. மேலே சொன்ன அம்புச் சோதனையின் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, தினமும் காலை ஒரே நேரத்தில், காபிக்கு முன், 5 நிமிடம் செய்யுங்கள். முதல் 3 நாள் மதிப்பெண்ணைத் தள்ளிவிடுங்கள், பழக்கத்தாலேயே அது ஏறும். அடுத்த 7 நாள் சராசரியையும் எத்தனை முறை தவறாக அழுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு 1,500 மீட்டருக்குக் கீழே 10 நாளாவது தங்கி, நான்காம் நாளிலிருந்து அதையே செய்யுங்கள். நன்றாக முன்னேறினால் ஆக்சிஜனும் தூக்கமும்தான் காரணம். அசையாவிட்டால் காரணம் உங்களோடு கீழே இறங்கி வந்திருக்கிறது, வேறு இடத்தில் தேட வேண்டும். பிறரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள், அதற்குப் பொருளில்லை.

விடுமுறை முடிந்து மேலே திரும்பும்போது கவனம். உயரத்துக்கு உடல் பழகியதில் பெரும்பகுதி இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். ‘நான் அந்த ஊர்க்காரிதானே’ என்று ஒரே நாளில் ஏறி மறுநாளே வேலைக்கு ஓடாதீர்கள். வழியில் 2,500 மீட்டர் அளவில் ஓர் இரவாவது தங்குங்கள். ஏறிய முதல் 3 நாளில் திருத்த முடியாத கையெழுத்து, பெரிய தொகை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களில் குதிகாலும் கால்விரலும் தொட்டபடி நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தியோடு தலைவலி கூடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது கவனப் பிரச்சினை அல்ல. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காமல், துணைக்கு ஒருவரோடு, உடனே கீழே இறங்க வேண்டும். அறிகுறி விலகும் வரை, குறைந்தது 300 மீட்டர், பெரும்பாலும் 1,000 மீட்டர் வரை.

ஹீட்டர் போய், மாத்திரை குறைந்து, இரும்பு ஏறி, இரவு சீராகி மூன்று மாதம் ஆன பிறகும் கீழே கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் மேலே கிடைப்பதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், அப்போது இடமாற்றம் கேளுங்கள். அந்தக் குறிப்பேட்டையும் ஃபெரிட்டின் முடிவையும் இரவு முழுக்கப் பதிவு செய்த ஆக்சிமீட்டர் அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், மருத்துவச் சான்று எழுதுபவருக்கும் வேலை சுலபம்.